வெயில், மந்தாரம்: ஒரு கொப்பரைக் களத்துக் கணக்குப்பிள்ளையின் நிகழ்வு ஆய்வு

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையை அடுத்த ஒரு கிராமத்திலிருந்து 71 வயதுப் பெரியவர் ஒருவரை 2023 ஜூலையில் வாடகைக் காரின் பின் இருக்கையில் கிடத்திப் பொள்ளாச்சிக்கு, என்னிடம் சிகிச்சைக்குக் கொண்டுவந்தார்கள். கார்க் கதவைத் திறந்து அவர் முழங்கையை மடக்கிப் பார்த்தேன். மடங்கவில்லை. பச்சை மட்டையை வளைப்பதுபோல் இருந்தது. கண்கள் திறந்திருந்தன, ஆனால் இமைக்கவில்லை. வாயோரம் எச்சில் வழிந்துகொண்டிருந்தது. நான்கு நாட்களுக்கு முன் தானாக நடந்துபோய் ஒரு பெரிய மருத்துவமனையில் சேர்ந்தவர் அவர் என்று மருமகள் சொன்னபோது முதலில் எனக்கு நம்பிக்கை வரவில்லை.

அந்த மருத்துவமனை கையில் கொடுத்த டிஸ்சார்ஜ் சீட்டில் மூன்று விஷயங்கள் எழுதப்பட்டிருந்தன: முதுமை மனப்பிறழ்வு, இரவில் கிளர்ச்சி, மது. மதுவுக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. அந்தக் கிராமம் இருக்கும் சித்தூர் வட்டத்தில் தென்னை இருக்கும் இடமெல்லாம் கள் இருக்கும், கேரளத்தின் மற்ற மாவட்டங்களுக்கும் அங்கிருந்து வண்டி வண்டியாகப் போகிறது. அந்த ஊர்க்காரர் ஒருவர் இல்லாத உருவங்கள் தெரிவதாகச் சொன்னால் கேள்விக்குறி தானாக விழுந்துவிடும். இவர் குடியை நிறுத்தி இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. கேட்டிருந்தால் வீட்டார் சொல்லியிருப்பார்கள்.

குடும்பத்தின் ஒப்புதலோடும், அடையாளங்களை மாற்றியும் இதை எழுதுகிறேன். நோய் புதிதல்ல, மூளை நரம்பியல் மருத்துவர்கள் அடிக்கடி பார்ப்பதுதான். ஆனால் இரண்டு மொழிகளுக்கு நடுவே அது எப்படித் தவறிப்போனது என்பதை எழுதிவைக்க வேண்டும் என்று தோன்றியது. தவறியவர்களில் நானும் ஒருவன்.

முன்கதை

பெரியவர் நாற்பது ஆண்டுகள் ஒரு கொப்பரைக் களத்தில் கணக்குப்பிள்ளை. தமிழ்வழிப் பள்ளியில் எட்டாம் வகுப்பு வரை படித்தவர். ஊரில் மலையாளம் தண்ணீர்பட்ட பாடு. அரசு அலுவலக விண்ணப்பங்களை அக்கம்பக்கத்தாருக்கு நிரப்பிக் கொடுப்பவரும் அவர்தான். கணக்கு எழுதுவது, கடவுளைத் திட்டுவது, கனவு காண்பது மூன்றும் தமிழில்.

கனவிலிருந்துதான் கதை தொடங்குகிறது. நோய்க்குறி எப்போது ஆரம்பித்தது என்று கேட்டால் எல்லோரும் ஆறு மாதம் என்றார்கள். மனைவி மட்டும் தயங்கித் தயங்கி வேறொன்றைச் சொன்னார். "அது நோயா என்று தெரியாது தம்பி. எட்டு வருடமாக நான் தனிப்பாயில் படுக்கிறேன். தூக்கத்தில் இவர் களத்துக்குப் போய்விடுவார்."

களத்துக்குப் போவதென்றால் எழுந்து நடப்பதில்லை. படுத்தபடியே இரண்டு கைகளாலும் எதையோ வாரி வாரிக் குவிப்பார். உதைப்பார். "வெள்ளம், வெள்ளம், தார்ப்பாயை இழு" என்று கத்துவார். கொப்பரை காயப்போட்டிருக்கும்போது மழை இறங்குவதைவிடக் களத்துக்காரனுக்குப் பெரிய கெட்ட கனவு கிடையாது. ஒருமுறை அந்த வாரலில் மனைவியின் மணிக்கட்டு பிசகியது. மறுநாள் காலையில் அவருக்கே அது தெரியாது. கட்டுப்போட்டுக்கொண்டு வந்து நின்ற மனைவியிடம் "எங்கே விழுந்தாய்" என்று கேட்டாராம்.

கனவு காணும் உறக்கத்தில் நம் உடலின் தசைகளை மூளைத்தண்டு பூட்டி வைத்திருக்கும். அதனால்தான் கனவில் ஓடுகிறவன் கட்டிலில் அசையாமல் கிடக்கிறான். அந்தப் பூட்டு கழன்றுபோன நிலையை ஷெங்க், மஹோவால்ட் என்ற அமெரிக்க மருத்துவர்கள் 1986இல் தனி நோயாக விவரித்தார்கள். அப்போது அது ஒரு உறக்கக் கோளாறு மட்டுமே. அப்படிப்பட்டவர்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தபோதுதான் அவர்களில் பெரும்பாலோருக்குப் பின்னாளில் பார்க்கின்சன் நோயோ அதன் உறவுமுறை நோய்களோ வருவது தெரிந்தது.

அடுத்து நான் தவறவிட்டது. 2020இல் இதே பெரியவர் என்னிடம் மலச்சிக்கலுக்காக வந்திருக்கிறார். பழைய சீட்டில் என் கையெழுத்தில் அது இருக்கிறது. மலமிளக்கி கொடுத்து, கீரை சாப்பிடச் சொல்லி அனுப்பியிருக்கிறேன். "ரசத்தில் பெருங்காயம் போடவே மாட்டேன் என்கிறாள்" என்று அன்று மனைவியைக் குறை சொன்னதும் நினைவிருக்கிறது. சிரித்துவிட்டு விட்டுவிட்டேன். பெருங்காயம் போடத்தான் போட்டிருக்கிறார், இவருக்கு மூக்கில் வாசம் ஏறவில்லை. மலச்சிக்கல், மணம் தெரியாமை, கனவில் கைகால் வீசுதல் மூன்றும் ஒரே ஆளிடம். நான் மூன்றாவதைக் கேட்கவில்லை. நோயாளியின் மனைவி எங்கே படுக்கிறார் என்று கேட்க மருத்துவக் கல்லூரியில் எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

நோட்டு

நினைவு எப்படி என்று கேட்டதற்கு, "நினைவெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது, கணக்குதான் கோணுகிறது" என்றார் மருமகள். விளங்கவில்லை. மறுநாள் ஒரு துணிப்பை நிறையக் களத்து நோட்டுகளைக் கொண்டுவந்தார்.

இந்த நிகழ்வில் எனக்குக் கிடைத்த சிறந்த பரிசோதனை அறிக்கை அந்த நோட்டுகள்தான். 2014ஆம் ஆண்டு நோட்டில் எழுத்து முத்து முத்தாக இருக்கிறது. மூட்டை, எடை, விலை, தொகை என்று நான்கு பத்திகள், நூல் பிடித்ததுபோல் நேராக இறங்குகின்றன. 2018இல் எழுத்து சற்றே சிறுக்கிறது. வரியின் தொடக்கத்தில் பெரிதாகவும் முடிவில் எறும்பு அளவாகவும் போகிறது. 2021இல் பத்திகள் நகரத் தொடங்குகின்றன. எடை விலையின் இடத்துக்கு வந்துவிடுகிறது, தொகை தாளின் ஓரத்துக்குத் தள்ளப்பட்டு அங்கேயே அடுக்கடுக்காக ஏறி உட்கார்ந்துகொள்கிறது. ஆனால் ஒவ்வொரு தொகையையும் நான் கால்குலேட்டரில் பெருக்கிப் பார்த்தேன். 2022 முடியும் வரை ஒன்றுகூடத் தவறில்லை. பெருக்கல் போகவில்லை, மறதியும் இல்லை. தாளில் எது எங்கே இருக்கிறது என்பதுதான் போயிருக்கிறது.

தமிழில் இதற்கெல்லாம் ஒட்டுமொத்தமாக மறதி நோய் என்று பெயர் வைத்திருக்கிறோம். மலையாளத்திலும் மறவி ரோகம்தான். அல்சைமருக்கு அந்தப் பெயர் ஓரளவு பொருந்தும். இந்த நோய்க்கு அந்தப் பெயரே கெடுதல். நேற்று வந்த விருந்தாளியின் பெயரைச் சரியாகச் சொல்கிற ஒருவரை, இவருக்கு மறதி இல்லை, அதனால் நோய் இல்லை என்று வீட்டார் விட்டுவிடுகிறார்கள்.

2023 தொடக்கத்தில் பிள்ளைகள் வந்தார்கள். கொப்பரைக் குவியலின்மேல் மூன்று சிறு பிள்ளைகள் உட்கார்ந்திருப்பதாக அவர் சொன்னார். சாயங்காலம்தான் வருவார்கள், பேசமாட்டார்கள். அவருக்குப் பயமில்லை. "பாவம், எந்த வீட்டுப் பிள்ளைகளோ, டீ போட்டுக் கொடு" என்று மருமகளிடம் சொல்லியிருக்கிறார். பெரியவரைக் கருப்பராயன் கோவிலுக்கு அழைத்துப்போய் விபூதி போட்டார்கள். அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, அந்த விபூதியால் யாருக்கும் உடல் விறைத்துப்போனதில்லை.

வார்டில் அந்த இரவு

பிள்ளைகள் வருவது அதிகமாகி, ஒருநாள் களத்தில் எழுந்து நின்றவர் அப்படியே சரிந்து விழுந்ததும், மகன் வேலை பார்க்கும் ஊர்ப்பக்கம் இருந்த ஒரு பெரிய மருத்துவமனையில் சேர்த்தார்கள். தமிழ்க்காது அதிகம் இல்லாத இடம். அங்கே நடந்தவற்றை வீட்டார் சொன்னதையும் சீட்டில் இருந்ததையும் வைத்துக் கோத்திருக்கிறேன்.

மனைவி சொன்னது: "எழுந்து நின்றால் மயக்கம் வருகிறது." தமிழில் மயக்கம் என்றால் கண் இருட்டிக்கொண்டு விழுவது. மலையாளத்தில் அதே சொல்லுக்கு அரை உறக்கம், கிறக்கம் என்று பொருள். சீட்டில் ஏறியது தூக்கக் கலக்கம். படுத்திருக்கும்போதும் நின்ற பிறகும் இரத்த அழுத்தத்தை யாரும் அளக்கவில்லை. என்னிடம் வந்து தேறிய பிறகு அளந்தபோது படுக்கையில் 140/80, நின்று மூன்று நிமிடத்தில் 100/60.

நினைவுத் தேர்வை மலையாளத்தில் நடத்தியிருக்கிறார்கள். மலையாளம் தெரிந்தவர்தானே என்று அவர்கள் நினைத்ததில் குற்றமில்லை. ஆனால் சந்தையில் பேசும் மொழி வேறு, நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கும் மொழி வேறு. கிடைத்தது 30க்கு 15.

இரண்டாம் நாள் நள்ளிரவில் அவர் களத்துக்குப் போய்விட்டார். "வெள்ளம், வெள்ளம்" என்று கத்தினார். செவிலியர் ஓடிவந்து ஒரு டம்ளர் தண்ணீர் நீட்டினார். மலையாளத்தில் வெள்ளம் என்றால் தண்ணீர். டம்ளர் தட்டிவிடப்பட்டது. மறுபடியும் "வெள்ளம்". மறுபடியும் தண்ணீர். இப்படி மூன்று முறை. கேட்டதைக் கொடுத்தால் அடிக்க வருகிறார் என்று குறிப்பில் எழுதப்பட்டது. அந்தச் செவிலியரை நான் குறை சொல்லமாட்டேன். நள்ளிரவில், பத்துப் படுக்கைகளுக்கு ஒருவராக இருந்தால் நானும் தண்ணீர்தான் கொடுத்திருப்பேன். மனைவி வார்டுக்கு வெளியே வராந்தாவில் உட்காரவைக்கப்பட்டிருந்தார். உள்ளே இருந்திருந்தால் ஒரு தட்டில் எழுப்பியிருப்பார், எட்டு வருடப் பழக்கம்.

அமைதிப்படுத்த ஹாலோபெரிடால் என்ற மனநல மருந்து 5 மில்லிகிராம் ஊசியாகப் போடப்பட்டது. விடியும்போது கைகால் விறைத்திருந்தது. கிளர்ச்சி அடங்காததாக எண்ணி மறுநாள் இரவும் ஒரு ஊசி. அதற்கடுத்த நாள் கஞ்சி இறங்கவில்லை. வீட்டார் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தார்கள்.

என்ன நோய்

காய்ச்சல் லேசாக இருந்தது. தசை நொதியின் அளவு சற்றே உயர்ந்திருந்தது. மனநல மருந்துகளால் வரும் கொடிய காய்ச்சல் விறைப்பு என்று சொல்லும் அளவுக்கு இல்லை. சர்க்கரை, உப்புச் சத்துகள், தைராய்டு, பி12 எல்லாம் சரி. எம்ஆர்ஐ படத்தில் நினைவுக்குப் பொறுப்பான ஹிப்போகாம்பஸ் வயதுக்கேற்ற அளவில் இருந்தது. அல்சைமராக இருந்தால் இந்நேரம் அது பெரும்பாலும் சுருங்கியிருக்கும்.

ஊசியை நிறுத்தி, மூக்குக்குழாய் வழியே உணவு கொடுத்து, காத்திருந்தோம். ஒன்பதாம் நாள் எழுந்து உட்கார்ந்தார். அன்று தமிழில் எடுத்த தேர்வில் 30க்கு 19. இரண்டு நாள் கழித்து, அதே தேர்வு, அதே அறை, 25. கடிகாரம் வரையச் சொன்னபோது பன்னிரண்டு எண்களையும் வட்டத்தின் வலது மேல் மூலையில், நோட்டில் தொகைகள் ஏறி உட்கார்ந்திருந்ததுபோலவே, குவித்து வைத்தார். கொப்பரை குவித்ததுபோல் இருக்கிறது என்று அவரே சொல்லிச் சிரித்தார்.

கோவையிலிருந்து வந்து பார்த்த நரம்பியல் நண்பருக்குச் சந்தேகம் இருக்கவில்லை. மேகம் மூடித் திறப்பதுபோல் மாறிமாறி வரும் தெளிவு, உருவெளித் தோற்றம், கனவில் கைகால் வீசுதல், பார்க்கின்சன் போன்ற விறைப்பும் மந்தமும். அறிவுத்திறன் இழப்போடு இந்த நான்கில் இரண்டு இருந்தாலே லூயி பாடி டிமென்ஷியாவாக (மூளைச் செல்களில் ஒரு புரதம் உருண்டையாகத் திரண்டு அறிவுத்திறனைக் குலைக்கும் நோய்) இருக்கும் வாய்ப்பு மிகுதி என்பது 2017இல் திருத்தப்பட்ட சர்வதேச வரையறை. இவரிடம் நான்கும் இருந்தன. விறைப்பில் எவ்வளவு நோயுடையது, எவ்வளவு ஊசியுடையது என்ற கேள்வி மட்டும் இருந்தது. 2018ஆம் ஆண்டு நோட்டில் சிறுத்துக்கொண்டே போகும் எழுத்து அதற்குப் பதில் சொல்லிவிட்டது.

கற்கண்டுக் கதை

மனைவி கேட்டார்: "தலைக்குள் என்னதான் இருக்கிறது?"

பனங்கற்கண்டு எப்படிச் செய்வார்கள் என்று கேட்டேன். அவருக்குத் தெரிந்திருந்தது. பாகில் நூலைத் தொங்கவிட்டு வாரக்கணக்கில் அசைக்காமல் வைப்பார்கள். நூலில் ஒரு சிறு மணி பிடித்துவிட்டால் போதும், பாகில் இருப்பதெல்லாம் அந்த மணியின் வடிவத்தைப் பார்த்து அதன்மேலேயே வந்து ஒட்டும்.

ஆல்ஃபா சினுக்ளீன் என்பது 140 அமினோ அமிலங்கள் கொண்ட சிறு புரதம். நரம்புச் செல்களின் நுனியில், அடுத்த செல்லுக்குச் செய்தி கடத்தும் இடத்தில் இருக்கிறது. பாகு போல நிலையான வடிவம் இல்லாதது. ஏதோ ஒரு கட்டத்தில் சில மூலக்கூறுகள் தப்பாக மடிந்து தட்டையாகி ஒன்றன்மேல் ஒன்று அடுக்கிக்கொள்கின்றன. பிறகு நல்ல மூலக்கூறுகளும் அந்த அடுக்கைப் பார்த்துத் தாமும் அப்படியே மடிகின்றன. இழையாக நீண்டு, செல்லின் உள்ளே உருண்டையாகத் திரள்கின்றன. நுண்ணோக்கியில் நடுவே சிவந்த உருண்டையும் சுற்றிலும் வெளிறிய வளையமுமாகத் தெரிவதுதான் லூயி உருண்டை. புரதம் மட்டும் அல்ல, செல்லின் உடைந்த சவ்வுத் துணுக்குகளும் அதற்குள் அடைந்து கிடக்கின்றன.

ஃபிரிட்ஸ் லூயி இதை 1912இல் விவரித்தார். அல்சைமரின் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றியவர். பெர்லினில் பிறந்த யூதர், 1933இல் நாஜிகள் ஆட்சிக்கு வந்ததும் நாட்டை விட்டுப் போக நேர்ந்தது. அவர் அந்த உருண்டைகளைக் கண்ட இடங்களில் ஒன்று குடலுக்குப் போகும் வேகஸ் நரம்பு மூளைத்தண்டில் தொடங்கும் செல் தொகுதி. பாரிஸில் 1919இல் டிரெட்டியாகாஃப் என்ற ஆய்வாளர், உடல் அசைவோடு தொடர்புள்ள கருநரம்புத் திரளில் (சப்ஸ்டான்ஷியா நைக்ரா) அதையே கண்டு லூயியின் பெயரைச் சூட்டினார். 1976இல் கோசாகா என்ற ஜப்பானிய மருத்துவர், புத்தி தடுமாறிய நோயாளி ஒருவரின் மூளைப் புறணி முழுவதும் இவை பரவிக் கிடந்ததை வெளியிட்டார். உருண்டையின் சரக்கு சினுக்ளீன்தான் என்பது 1997இல்தான் உறுதியானது. ஜெர்மன் உடற்கூற்றியலாளர் பிராக் 2003இல் இந்தப் படிவு மூளைத்தண்டின் கீழிருந்தும் மணம் உணரும் பகுதியிலிருந்தும் மேலேறுவதாக ஒரு வரைபடம் போட்டார். எல்லா நோயாளிகளும் அந்த வரைபடத்துக்குக் கட்டுப்படுவதில்லை. நம் பெரியவர் ஓரளவு கட்டுப்படுகிறார்: முதலில் கனவு, பிறகு கை, குடல், பெருங்காயம், அடுத்து நோட்டு, கடைசியில் பிள்ளைகள்.

அல்சைமரில் கதாபாத்திரங்கள் வேறு. செல்லுக்கு வெளியே பீட்டா அமிலாய்டு என்ற புரதத்தின் திட்டுகள், உள்ளே டௌ என்ற புரதத்தின் இழைச் சிக்குகள். வயதானவர்களின் மூளையில் இவையும் சினுக்ளீனும் சேர்ந்தே கிடப்பது சாதாரணம், இவரிடமும் கொஞ்சம் இருக்கலாம். உருண்டைதான் செல்லைக் கொல்கிறதா, அல்லது உருண்டையாவதற்கு முந்தைய சிறு திரள்கள் கொல்கின்றனவா என்ற வழக்கு இன்னும் முடியவில்லை.

மருமகளுக்கு ஒரு பயம் இருந்தது. பேரப்பிள்ளை தாத்தாவின் தட்டில் சாப்பிடுகிறானே, ஒட்டுமா? கேட்க வேண்டிய கேள்விதான். பார்க்கின்சன் நோயாளிகள் சிலரின் மூளையில் கருவின் நரம்புச் செல்களை ஒட்டவைத்திருந்தார்கள். அவர்கள் பத்தாண்டுகளுக்கு மேல் வாழ்ந்து இறந்தபின் பார்த்தால், அந்த இளம் செல்களுக்குள்ளும் லூயி உருண்டைகள் இருந்ததை 2008இல் வெளியிட்டார்கள். ஒரே மூளைக்குள் செல்லிலிருந்து செல்லுக்குத் தாவுகிறது என்பதற்கு அது வலுவான சான்று. ஆனால் கூட உண்பதாலோ தொடுவதாலோ பேணுவதாலோ இன்னொருவருக்கு வந்ததாகச் சான்று இல்லை. பேரன் அதே தட்டில் சாப்பிடட்டும் என்றேன்.

மகன் தொலைபேசியில் வேறொன்று கேட்டார். மூளையின் படிவையே கழுவி எடுக்கும் மருந்து வந்துவிட்டதாமே? லெக்கானிமாப் என்ற மருந்துக்கு அமெரிக்காவில் 2023இல் முழு ஒப்புதல் கிடைத்த நேரம் அது. அது அமிலாய்டை எடுக்கும். தொடக்க நிலை அல்சைமரில் 18 மாத ஆய்வில் சரிவின் வேகம் 27 விழுக்காடு குறைந்தது, நின்றுவிடவில்லை. சினுக்ளீனை எடுக்கும் மருந்து எதுவும் இன்னும் கைக்கு வரவில்லை. முதுகுத்தண்டு நீரில் ஒரு துளியை நல்ல சினுக்ளீன் இருக்கும் குழாயில் விட்டு, அது கற்கண்டுபோல் திரள்கிறதா என்று பார்க்கும் சோதனை இருக்கிறது. செய்யவில்லை. முடிவு எதுவாக வந்தாலும் சிகிச்சை மாறியிருக்காது.

சிகிச்சை

இந்த நோயில், உடல் அசைவுக்கான செய்தியைக் கடத்தும் டோபமைன் என்ற வேதிப்பொருளைத் தயாரிக்கும் செல்கள் ஏற்கெனவே அழிந்து குறைந்திருக்கின்றன. மிச்சமிருக்கும் டோபமைன் போய்ச் சேரும் வாசலை ஹாலோபெரிடால் அடைத்துவிடுகிறது. இத்தகைய மருந்து கொடுக்கப்பட்ட லூயி பாடி நோயாளிகளில் ஏறக்குறைய பாதிப்பேருக்குக் கடுமையான எதிர்விளைவு வருகிறது, சிலர் இறந்தும் போகிறார்கள். மனைவியிடம் ஒரு அட்டையில் அந்த மருந்தின் பெயரைத் தமிழிலும் மலையாளத்திலும் எழுதி, "இது கூடாது" என்று சிவப்பு மையில் அடிக்கோடிட்டுக் கொடுத்தேன். ஆதார் அட்டையோடு சேர்த்து வைத்திருக்கிறார்.

ரிவாஸ்டிக்மின் 1.5 மில்லிகிராம் காலையும் இரவும் தொடங்கி, ஒரு மாதத்தில் 3 ஆக்கினோம். மூளைச் செல்களுக்கிடையே செய்தி கடத்தும் இன்னொரு வேதிப்பொருளான அசிட்டைல்கோலினின் பற்றாக்குறை இந்த நோயில் அல்சைமரைவிட அதிகம். அதனால் அதைக் கூட்டும் இந்த மருந்து இங்கே கூடுதலாகக் கைகொடுக்கிறது. ஆறு வாரத்தில் தெளிவான நாட்கள் கூடின. டோபமைனை ஈடுகட்டும் லெவோடோபா அரை மாத்திரை மட்டும். கூட்டினால் பிள்ளைகள் கூடுவார்கள். இரவுக்கு மெலட்டோனின். இரத்த அழுத்த மாத்திரையைக் குறைத்து, தண்ணீரைக் கூட்டி, கட்டிலின் தலைமாட்டை இரண்டு செங்கல் உயர்த்தினோம். சளிக்கும் அரிப்புக்கும் கடையில் கேட்டு வாங்கும் தூக்க மாத்திரை ரகங்களைத் தொடக்கூடாது என்று சொன்னேன். அவை அசிட்டைல்கோலினைத் தடுப்பவை.

பிள்ளைகளை விரட்டவேண்டாம் என்றும் சொன்னேன். அவருக்குத் தொந்தரவு இல்லை என்றால் நமக்கும் இல்லை. மருமகள் சாயங்காலம் களத்து விளக்கைச் சீக்கிரம் போடத் தொடங்கினார். அதிலேயே பாதிப் பிள்ளைகள் குறைந்தார்கள்.

மருந்தின் அளவை முடிவுசெய்ய எனக்கு நாள்வாரிக் குறிப்பு வேண்டியிருந்தது. அச்சடித்த படிவம் கொடுத்தேன், அடுத்த முறை அது வெற்றாகவே வந்தது. அதற்குப் பதில் மனைவி ஒரு களத்து நோட்டைக் கொண்டுவந்தார். களத்தில் ஒவ்வொரு நாளுக்கும் நேரே வெயில் அல்லது மந்தாரம் (மேகமூட்டம்) என்று எழுதுவது வழக்கம், எத்தனை வெயில் கண்ட கொப்பரை என்பதைப் பொறுத்துத்தான் விலை. அதே முறையில் கணவரின் நாட்களை எழுதியிருந்தார். தெளிவாக இருந்தால் வெயில். எங்கேயோ பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் மந்தாரம். முதல் மாதம் வெயில் 8, மந்தாரம் 23. ஆறாம் மாதம் வெயில் 19. மந்தாரம் பெரும்பாலும் மதியத்துக்கு மேல் வருவதும் அதில் தெரிந்தது. மதியச் சோற்றின் அளவைக் குறைத்து மூன்று வேளையை ஐந்தாக்கினோம், சாப்பிட்டதும் அழுத்தம் இறங்குவது மட்டுப்பட்டது.

சென்ற மாத நோட்டில் வெயில் 17, மந்தாரம் 13. ஒரே ஒரு நாளுக்கு நேரே இரண்டும் இல்லை. மனைவியின் கையெழுத்தில் இப்படி இருக்கிறது: "பிள்ளைகள் வரவில்லை. காலையிலிருந்து தேடுகிறார்."